விலையை மாற்றினால் விளக்கம் ஏன் காணாமல் போகிறது?

இணையத்தில் புத்தகம் விற்கும் ஒரு கடைக்கு, சோலர் என்ற தேடல் மென்பொருளை வைத்து நிரல் எழுதும் வாசகர் கேட்டிருக்கிறார்: "சோலரில் ஒரு புத்தகத்தின் விலையை மட்டும் மாற்றினேன். விலை மாறிவிட்டது, தலைப்பை வைத்துத் தேடினாலும் வருகிறது. ஆனால் விளக்கத்தில் உள்ள சொற்களைத் தட்டினால் அந்தப் புத்தகம் வருவதே இல்லை. எரரும் இல்லை. விளக்கத்தை நான் தொடவே இல்லையே?"

நீங்கள் தொடவில்லை. சோலர் தொட்டிருக்கிறது.

சோலருக்கும் அதைப் போன்ற எலாஸ்டிக்சர்ச்சுக்கும் அடியில் ஓடுவது லூசீன். டக் கட்டிங் 1999இல் எழுதிய நிரல் தொகுப்பு அது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவு மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் ஆவணங்களின் (இங்கே ஒரு புத்தகத்தின் பதிவு ஒரு ஆவணம்) எண்களை வரிசையாக வைத்திருக்கும். 'உப்பு' என்றால் 7, 12, 45, 46. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த படி. லூசீன் அந்த எண்களை அப்படியே எழுதுவதில்லை, இடைவெளிகளை எழுதுகிறது: 7, 5, 33, 1. இவற்றில் பெரியது 33. அதற்கு 6 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் ஆறு இடங்கள் போதும். ஆகவே நான்கையும் ஆறாறு பிட்டாக நெருக்கி அடுக்கினால் 24 பிட், மூன்றே பைட். எண்ணுக்கு நான்கு பைட் வீதம் சாதாரணமாக எழுதினால் 16 பைட் பிடித்திருக்கும். கோடிக்கணக்கான ஆவணங்களை நொடிக்குள் தேட முடிவதில் இந்தச் சிக்கனத்துக்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் நடுவிலிருந்து ஒரு எண்ணை உருவிப் பாருங்கள். அடுத்த இடைவெளி மாறும். அது 63ஐத் தாண்டினால் 6 பிட் போதாது, கட்டு முழுவதையும் பிரித்து 7 பிட்டில் அடுக்க வேண்டும். ஒரு புத்தகத்தின் விளக்கத்தில் முந்நூறு வெவ்வேறு சொற்கள் இருந்தால் முந்நூறு பட்டியல்களில் இந்த வேலை. லூசீன் இந்த வம்புக்கே போவதில்லை. செக்மென்ட் எனப்படும் கோப்புத் தொகுதியை ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். ஆவணம் மாறினால் பழையதை 'செத்தது' என ஒரு பிட்டில் குறித்துவிட்டு, புதியதை வேறொரு செக்மென்டில் முழுதாக எழுதுகிறது. அந்த பிட்டுகளைத் தாங்கும் கோப்பைக்கூட அழித்து எழுதுவதில்லை, அடுத்த எண் போட்டுப் புதுக் கோப்பு! பிறகு செக்மென்டுகளை ஒன்றுசேர்க்கும்போதுதான் செத்தவை உண்மையில் வெளியேறும். அதுவரை 'இந்தச் சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது' என்ற கணக்கில் அவையும் சேரும், முடிவுகளின் வரிசை லேசாகப் பிசகும்.

அப்படியானால் விலையை மட்டும் மாற்றுவது எப்படி? பொதுவாக மாற்றுவதில்லை. சோலர் பழைய ஆவணத்தை வெளியே எடுத்து, விலையைத் திருத்தி, முழுவதையும் புதிதாக எழுதுகிறது. எடுப்பது சொற்பட்டியல்களிலிருந்து அல்ல, தனியாகச் சேமித்த நகலிலிருந்து. வாசகரின் ஸ்கீமாவில் (எந்தப் புலத்தை எப்படி வைப்பது என்ற அமைப்பில்) விளக்கத்துக்கு 'இண்டெக்ஸ்டு' (சொற்பட்டியலில் சேர்) உண்டு, இடம் மிச்சம் பிடிக்க 'ஸ்டோர்டு' (நகலைச் சேமி) அணைக்கப்பட்டிருக்கும். புலத்தின் மதிப்பைத் தனியாக வைக்கும் இன்னொரு வழியான டாக்வேல்யூவும் இருக்காது. நகலே இல்லாததை எங்கிருந்து எடுப்பது? விளக்கம் இல்லாமலே புது ஆவணம் எழுதப்படுகிறது. எலாஸ்டிக்சர்ச்சில் மூல ஆவணத்தைச் சேமிக்கும் வசதியை அணைத்துவிட்டால், இப்படித் திருத்த முயலும்போது எரர் காட்டி மறுத்துவிடும். சத்தமில்லாமல் தொலைப்பதைவிட அந்த முரட்டுத்தனம் எவ்வளவோ மேல்.

பல அலுவலகங்களில் இந்த இடத்தில் ஒரு பரிகாரம் நடக்கும்: மொத்தத்தையும் ரீஇண்டெக்ஸ் செய்வது, அதாவது எல்லா ஆவணங்களையும் மறுபடி ஏற்றுவது. விளக்கம் திரும்பி வரும், பரிகாரம் பலித்தது என்ற நம்பிக்கையும் வளரும். அடுத்த விலை மாற்றத்தில் மறுபடி போகும். காரணத்தைத் தேடாமல் சடங்கைச் செய்வது கணினித் துறைக்குள் வந்தால் மட்டும் அறிவியல் ஆகிவிடாது.

வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க, அந்த ஆவணத்தை அடையாள எண் கொடுத்து 'கெட்' என்ற நேரடிக் கோரிக்கை வழியாகக் கேளுங்கள். கமிட் ஆகாத, அதாவது இன்னும் தேடலுக்குத் திறந்துவிடப்படாத மாற்றமும் அதில் தெரியும். புது விலை அங்கே இருந்து தேடலில் இல்லையென்றால் சிக்கல் கமிட்டில். அனுப்பும்போதே 409 என்ற பிழை எண் வந்தால், உங்களுக்கு முன் வேறு யாரோ அதே ஆவணத்தை மாற்றிவிட்டார்கள். 'செட்' (இந்தப் புலத்தை மட்டும் மாற்று) என்று குறிக்காமல் வெறும் விலையை அனுப்பியிருந்தால் தலைப்பும் சேர்ந்தே போயிருக்கும். உங்களுக்குத் தலைப்பு தப்பியிருக்கிறது, ஆகவே அது அல்ல.

முதலில் ஸ்கீமாவில் விளக்கத்துக்கு 'ஸ்டோர்டு' போடுங்கள், பிறகு தரவுத்தளத்திலிருந்து எல்லாவற்றையும் ஏற்றுங்கள். வரிசை மாறினால் பயனில்லை. காப்பிஃபீல்டு (ஒரு புலத்தை இன்னொன்றில் நகலெடுக்கும் ஏற்பாடு) வழியாக நிரம்பும் புலங்களுக்கு மட்டும் 'ஸ்டோர்டு' போடாதீர்கள். போட்டால் ஒவ்வொரு திருத்தத்திலும் பழைய நகலோடு புது நகலும் சேர்ந்து, ஒரே தலைப்பு இரண்டு, மூன்று என்று பெருகிக்கொண்டே போகும்.