கண்டி டவுனில் காலைப் புகை ஏன் மேலே போவதில்லை

ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் லயத்துக் கூரைகளுக்கு மேலே எழும் அடுப்புப் புகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கனவே தெரியும். ஈர விறகைப் பற்றவைத்ததும் புகை கொஞ்ச உயரம் நேராக ஏறும், அப்புறம் ஓரிடத்தில் முட்டி நின்று, பக்கவாட்டில் படுத்து, வெள்ளைச் சேலையைக் காயப்போட்ட மாதிரி பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் விரிந்து கிடக்கும். பத்து மணிக்குப் பார்த்தால் அந்தச் சேலை இருக்காது. அடுப்பும் அதேதான், விறகும் அதேதான், ஆனால் புகை எங்கோ மேலே போய்க் கலைந்திருக்கும்.

கண்டி டவுனில் காலை ஏழு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மூக்கில் ஏறும் டீசல் வாடைக்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். வாகனம் கூடிவிட்டது, பழைய பஸ்கள் ஓடுகின்றன என்று எல்லோரும் சொல்கிறோம், அதில் பொய் இல்லை. ஆனால் அதே பஸ்கள் பிற்பகல் ஒன்றரைக்கும் ஓடுகின்றன, அப்போது நெஞ்சு இவ்வளவு அடைப்பதில்லை. எவ்வளவு புகை வருகிறது என்று கேட்கிற நாம், வந்த புகை போவதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்பது மிகக் குறைவு. நான் எழுத நினைத்தது அதைப் பற்றித்தான்.

மேலே போகப் போகக் குளிரும் என்பது மலையகத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லாத விஷயம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,860 மீட்டருக்கும் மேலே. சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்று கணக்கு, அதனால்தான் கண்டியில் வெறும் சட்டையோடு பஸ் ஏறியவர் நுவரெலியாவில் இறங்கும்போது ஸ்வெட்டரைத் தேடுகிறார். சரி, இதற்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்? சூடான காற்று சுற்றியுள்ள குளிர்ந்த காற்றைவிட இலேசானது, அதனால் மிதந்து மேலே போகிறது. மேலே போகும்போது அழுத்தம் குறைவதால் அது விரிந்து, விரிவதாலேயே குளிர்கிறது, கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்துப் பாகை வீதம். அப்படிக் குளிர்ந்த பிறகும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும் வரைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். நல்ல வெயில் நாளில் நண்பகலில் ரோட்டும் தகரக் கூரைகளும் கொதிக்கும்போது தரையோடு ஒட்டிய காற்று குமிழி குமிழியாகக் கிளம்பி ஒரு கிலோமீட்டர் உயரம் வரைக்கும், சில நாள் அதற்கு மேலும் போகிறது. பஸ் கக்கிய புகையும் அந்தக் குமிழிகளோடு போய்விடும்.

இரவில் எல்லாம் தலைகீழாகிறது. சூரியன் மறைந்ததும் தரை தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிராக வானத்துக்கு விட ஆரம்பிக்கிறது. முகில் இருந்தால் அதில் ஒரு பங்கை அது போர்வை மாதிரி திருப்பி அனுப்பும். முகிலே இல்லாத வரண்ட இரவில் சூடு போனது போனதுதான். தரை குளிர, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனக்கிறது, கனத்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. இதைத் தோட்டத்து மக்கள் தேயிலையில் பார்த்திருக்கிறார்கள். நுவரெலியாப் பக்கம் உறைபனி விழும் நாட்களில் மேட்டு மலைச் செடி தப்பிவிடும், ஓடைக்கரைப் பள்ளத்துக் கொழுந்துதான் முதலில் கருகும். இரவெல்லாம் குளிர்காற்று வந்து சேர்ந்த இடம் அது.

கண்டி டவுன் அப்படியான ஒரு பள்ளம். தெற்கே ஹந்தானை மலை, வடகிழக்கே தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே காடு, மேற்கே வெள்ளைப் புத்தர் சிலை நிற்கும் பைரவகந்த. இவற்றுக்கு அப்பால் மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. நடுவில் உள்ள வாவி ஒரு காலத்தில் வயல்தான், ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் அணை கட்டியதால் வாவியானது. தண்ணீர் தேடி வந்த அதே பள்ளத்தைத்தான் குளிர்காற்றும் தேடி வருகிறது. இந்த இடம் தலைநகரானதற்கும் மலைகள்தான் காரணம், 1815 வரைக்கும் அந்நியப் படைகள் இங்கே நிலைத்து நிற்க முடியாமல் போனதில் மலைக்கும் காட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த அரண் இன்றைக்கும் வேலை செய்கிறது, ஆனால் இப்போது அது தடுப்பது காற்றை.

ஆக, விடியும்போது டவுனில் அடியில் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று. மேலே போகப் போகக் குளிர வேண்டிய இடத்தில் மேலே போகப் போகச் சூடு கூடுகிறது. வானிலை ஆய்வாளர்கள் இதை இன்வெர்ஷன் என்பார்கள், வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று தமிழில் சொல்லலாம். சைலன்சரிலிருந்து சூடாக வரும் புகை கொஞ்சம் ஏறும், ஏறும்போது குளிரும், குளிர்ந்து பார்த்தால் சுற்றியுள்ள காற்று தன்னைவிடச் சூடாக இருக்கும். அதற்கு மேல் அதனால் மிதக்க முடியாது. பானைக்கு மூடி போட்டாயிற்று. ஹந்தானைச் சரிவில் ஏறி நின்று காலையில் டவுனைப் பார்த்தால் இந்த மூடியைக் கண்ணாலேயே பார்க்கலாம், சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு படலம், மேல் விளிம்பு கத்தியால் சீவிய மாதிரி நேராக இருக்கும். இதைப் பனிமூட்டம் என்று நினைத்து இரசிப்பவர்கள் நிறையப் பேர். வாவியின் மேல் தவழும் வெள்ளை மூட்டம் உண்மையிலேயே நீர்த்துளிகள்தான், அது வெயில் பட்டதும் ஆவியாகிவிடும். அது போன பிறகும் மிச்சம் நிற்கிற நீலச் சாம்பல்தான் கவலைப்பட வேண்டியது.

இந்த மூடியின் உயரம் எவ்வளவு முக்கியம் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். நண்பகலில் புகை கலப்பதற்கு 1,000 மீட்டர் உயரம் இருக்கிறது, காலையில் 100 மீட்டர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றடிப்பும் வாகனங்களும் ஒரே அளவாக இருந்தால், காலையில் ஒரு மூச்சில் உள்ளே போகும் புகை பத்து மடங்கு. கோயில் மண்டபத்தில் ஊதுபத்தி ஏற்றுவதற்கும், அதே ஊதுபத்தியை லயக் காம்பிராவில் கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. காலையில் காற்றடிப்பும் குறைவு என்பதால் வந்த புகை பக்கவாட்டிலும் சீக்கிரம் வெளியேறாது.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை வருகிறது. அரசாங்கப் பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்குகின்றன, அதில் பல டவுனின் நடுவிலேயே இருக்கின்றன. ஸ்கூல் வேன், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிய பஸ், சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் லொறி எல்லாம் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் ஒரே கிண்ணத்துக்குள் இறங்குகின்றன, மூடி மிகத் தாழ்வாக இருக்கும் அதே நேரத்தில். பிள்ளைகள் வீடு திரும்பும் பிற்பகலில் மூடி திறந்திருக்கும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஒரு வாகனம் எவ்வளவு புகை விடுகிறது என்று மட்டும்தான் சொல்லும், அந்தப் புகை எந்த மணிக்கு எந்தப் பள்ளத்தில் விழுகிறது என்பது அதில் இல்லை.

நெரிசல் இதை இன்னும் மோசமாக்குகிறது. டீசல் என்ஜின் ஒரே வேகத்தில் ஓடும்போது விடுவதைவிட, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதிகக் கரி விடும், ஏனென்றால் மிதித்தவுடன் எண்ணெய் கூடிவிடும், அதற்கு ஈடான காற்று வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும், எரியாத கரி கறுப்பாக வெளியே வரும். பெரதெனியா ரோட்டில் பத்தடிக்கு ஒருமுறை நின்று கிளம்பும் பஸ் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் செய்கிறது, ஆள் நிறைந்து ஏற்றமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம் டவுனுக்குள் கொழும்பு வீதி, யட்டிநுவர வீதி போன்ற ஒடுக்கமான வீதிகள், இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம். இப்படியான வீதிக்குக் குறுக்கே கூரைகளின் மேல் காற்றடித்தால் உள்ளே ஒரு சுழல் உண்டாகிறது: காற்று எதிர்ப்பக்கக் கட்டடத்தில் மோதிக் கீழே இறங்கி, ரோட்டைத் தடவிக்கொண்டு திரும்பி வந்து, வாகனப் புகையை வாரிக்கொண்டு இந்தப் பக்கச் சுவரோரமாக மேலே ஏறும். அதாவது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்க நடைபாதையில்தான் புகை கூட. நான் இதை முதலில் படித்தபோது நம்பவில்லை, நாம் இயல்பாக நினைப்பது நேர் எதிர்.

உள்ளே போவது என்ன? கண்ணுக்குத் தெரியும் கரியைவிடத் தெரியாததுதான் ஆபத்து. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சின்னத் துகள்களை மூக்கு முடியும் சளியும் பிடித்து நிறுத்த முடியாது, அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரைக்கும் போகின்றன. தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர், அதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். வருடச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் வரம்பைக் குறைத்தது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. சின்னப் பிள்ளைகள் உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அதோடு அவர்கள் முகம் இருக்கும் உயரம் சைலன்சருக்குக் கிட்ட.

மூடி விழுந்த பள்ளத்தாக்கு என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் மோசமான உதாரணங்கள் உண்டு. 1948 ஒக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊரில் மூடி சில நாட்கள் திறக்கவே இல்லை, நாகத் தொழிற்சாலையின் புகை உள்ளேயே நின்றது, இருபது பேர் இறந்தார்கள். 1952 டிசம்பரில் இலண்டனில் ஐந்து நாட்கள், நிலக்கரிப் புகையில் ஆயிரக்கணக்கானோர். கண்டியில் அந்த அளவு புகையும் இல்லை, நம் வெயிலும் அப்படி நாட்கணக்கில் ஒளிந்துகொள்வதில்லை. அநேக நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் தரை சூடாகி, அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மழைக் காலத்தில் முகிலும் காற்றும் இருப்பதால் மூடி சரியாக உருவாவதே இல்லை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும் வரும் தெளிந்த, காற்றில்லாத காலைகள்தான் கவனிக்க வேண்டியவை. மாலையில் இருட்டியதும் மூடி மறுபடி விழ ஆரம்பிக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் செய்யக்கூடியது உண்டு. அந்தக் காலைகளில் பாடசாலை வாசலில் என்ஜினை ஓடவிட்டு நிற்கும் ஒவ்வொரு வேனும் மூடிய அறைக்குள் நிற்கிறது என்று நினைத்து சாவியைத் திருப்பலாம். பிள்ளையோடு நடப்பவர்கள் பிரதான ரோட்டைவிட்டு ஒரு வீதி உள்ளே நடக்கலாம், வாகனத்திலிருந்து விலக விலகப் புகை குறையும், விடியற்காலையில் பகலைப்போல வேகமாகக் குறையாது என்றாலும் குறையும். லொறிகளை அந்த ஒரு மணிநேரம் டவுனுக்கு வெளியே நிறுத்தி வைக்க முடியுமா, வேலை நேரத்தையும் பாடசாலை நேரத்தையும் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்பதெல்லாம் பேசப்பட வேண்டியவை. என்னைக் கேட்டால் லொறியிலிருந்துதான் தொடங்குவேன்.

தெளிந்த ஒரு ஜனவரிக் காலையில் ஏழு மணிக்கு வாவிக்கரையில் நின்று பைரவகந்தவின் சிலையைப் பாருங்கள், பத்து மணிக்கு அதே இடத்தில் நின்று மறுபடி பாருங்கள். மங்கலாக நின்ற மலையின் மரங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்திருக்கும். அதற்குள் பிள்ளைகள் மூன்று, நான்கு பாடங்களை முடித்திருப்பார்கள்.