சினைப்பையில் ஏன் அந்த மஞ்சள் நிறம்?

கருமுட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் அந்த இடம் சும்மா ஆறிப்போய்விடுவதில்லை. முட்டையைப் பொதிந்து வைத்திருந்த நுண்பை மடிந்து சுருங்கி, சில நாட்களில் ஒரு மஞ்சள் திரளாக மாறுகிறது. இதன் பெயர் கார்பஸ் லூட்டியம். லத்தீனில் 'மஞ்சள் உடல்' என்றுதான் பொருள். கரு தங்காவிட்டால் இதன் ஆயுள் ஏறக்குறைய 14 நாட்கள். அந்தக் குறுகிய காலத்துக்குள் இது செய்யும் வேலை அசாத்தியமானது. பல ஹார்மோன்கள் மைக்ரோகிராம் கணக்கில் சுரக்கும்போது, இந்தச் சின்னத் திரள், கருவை ஏற்கக் கருப்பையைத் தயார்படுத்தும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை நாள்தோறும் மில்லிகிராம் கணக்கில் சுரந்து தள்ளுகிறது.

சரி, நிறம் எங்கிருந்து வந்தது? பீட்டா கரோட்டின், லூட்டின் போன்ற நிறமிகள் அங்கே குவிந்திருக்கின்றன. இவை ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கக்கூடிய பொருட்கள். வேலை மும்முரமாக நடக்கும் இடத்தில் இவை இவ்வளவு சேர்ந்திருப்பதற்குக் காரணம் தேடினால், பெண் ஹார்மோன்களுக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கும் உள்ள உறவு கொஞ்சம் கொஞ்சமாகப் புரியத் தொடங்கும்.

புரோஜெஸ்டிரோனுக்கு மூலப்பொருள் கொலஸ்டிரால். அதை முதலில் நறுக்கும் நொதி, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. நறுக்குவதற்கு எலெக்ட்ரான்கள் தேவை. அவை ஒரு புரதத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி வரும். வழியில் சில சிந்திவிடும். சிந்திய எலெக்ட்ரானை அருகிலிருக்கும் ஆக்சிஜன் பற்றிக்கொண்டால் அது சூப்பர் ஆக்சைடு ஆகிறது. உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும்போதும் இதே கசிவு நடக்கிறது. ஹார்மோன் தயாரிக்கும் செல்லில் இரண்டு வழியாகவும் கசிகிறது.

இப்படிப் பிறக்கும் வினைத்திறன் மிகுந்த மூலக்கூறுகள்தான் முதுமைக்கே காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் 1956இல் எழுதினார். 1969இல் உயிர்வேதியியலாளர்கள் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர் ஆக்சைடை அடக்கும் நொதி ஒன்று உடலிலேயே இருப்பதைக் காட்டினார்கள். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற அந்த நொதி, சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அப்புறம் கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகியவை அதைத் தண்ணீராக்கிவிடும். உருவாகும் வேகம் அடக்கும் வேகத்தை மிஞ்சி, கொழுப்பும் புரதமும் டிஎன்ஏவும் சேதமடையும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

இதைக் கேட்டதும் இந்த மூலக்கூறுகளை விரோதியாகப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் நாம் தவறுகிறோம் என்று நினைக்கிறேன். கருமுட்டை வெளியேறுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வில், சினைப்பையைச் சுற்றி ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். முட்டை வெளியேறுவது வெகுவாகத் தடைபட்டது. நுண்பையின் சுவர் திறப்பதற்கு அந்த 'விரோதிகள்' தேவைப்பட்டிருக்கின்றன.

மாதவிடாயும் அப்படித்தான். புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருக்கும்வரை, கருப்பையின் உட்சுவரில் மேலே சொன்ன அடக்கும் நொதியும் கூடுதலாக இருக்கிறது. கரு தங்காத மாதத்தில் மஞ்சள் திரள் வாடுகிறது, புரோஜெஸ்டிரோன் சரிகிறது, கூடவே அந்த நொதியும் குறைகிறது. சூப்பர் ஆக்சைடு பெருகுகிறது. அது செல்லுக்குள் அழற்சியைத் தூண்டும் ஒரு விசையை முடுக்கிவிட, புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, கருப்பைத் தசை சுருங்குகிறது, உட்சுவர் உதிர்கிறது. வயிற்றைப் பிசையும் அந்த வலிக்குப் பெரும்பாலும் இந்தப் புராஸ்டாகிளாண்டின்தான் காரணம். ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுப்பதால்தான் வலி தணிகிறது. 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லப்பட்டு வலியை விழுங்கிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். அந்த வலிக்கு இப்படி ஒரு தெளிவான வேதியியல் இருக்கிறது என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஈஸ்ட்ரோஜன். இதன் மூலக்கூறில் வைட்டமின் ஈ-யில் இருப்பதைப் போன்ற ஒரு வளையம் உண்டு. சோதனைக் குழாயில் அது நேரடியாகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். அதனால் ஈஸ்ட்ரோஜனே ஓர் ஆன்டிஆக்சிடன்ட் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் இரத்தத்தில் அதன் அளவு மிக மிகக் குறைவு. நேரடியாகத் துப்புரவு செய்ய அது போதவே போதாது. அதன் பலம் வேறு வகையானது. செல்லில் உள்ள ஏற்பிகளோடு இணைந்து, அடக்கும் நொதிகளின் மரபணுக்களை அது ஊக்குவிக்கிறது. தானே துடைக்காமல், துடைக்கும் ஆட்களை வரவழைக்கிறது என்று சொல்லலாம். ஸ்பெயினின் வலென்சியாவில் எலிகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதை அழகாகக் காட்டின. பெண் எலிகளின் மைட்டோகாண்ட்ரியா, ஆண் எலிகளுடையதைவிடக் குறைவான பெராக்சைடையே வெளியிட்டது. சினைப்பையை அகற்றியதும் அந்த வேறுபாடு மறைந்தது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் திரும்பி வந்தது.

இரத்தக் குழாய்களிலும் இதன் கை உண்டு. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உருவாக ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது. சூப்பர் ஆக்சைடு மிகுந்தால் அந்த நைட்ரிக் ஆக்சைடைக் கவ்விக் கெடுத்துவிடும். மிஞ்சுவது பெராக்சிநைட்ரைட் என்ற இன்னொரு தீய பொருள். ஆக, ஈஸ்ட்ரோஜன் ஒரு பக்கம் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது, மறுபக்கம் அதைக் கெடுப்பதைக் குறைக்கிறது.

இதே ஹார்மோன் சிதையும் விதத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதன் ஒரு பகுதி கேட்டக்கால் ஈஸ்ட்ரோஜன்களாக மாறும். உடல் அவற்றை உடனே முடக்கிவிட்டால் கவலையில்லை. தப்பியவை குவினோன் என்ற வினைத்திறன் மிகுந்த பொருட்களாகி டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளலாம், புதிதாகச் சூப்பர் ஆக்சைடையும் உண்டாக்கலாம். நீண்ட காலம் ஈஸ்ட்ரோஜனுக்கு ஆட்பட்டால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதற்கு, செல் பெருக்கத்தோடு இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறார்கள்.

மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 50-ஐ ஒட்டி வருகிறது. ஈஸ்ட்ரோஜன் சரியும்போது இரத்தக் குழாய், எலும்பு இரண்டும் ஒரு காவலை இழக்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் ஆக்சிஜனேற்றச் சமிக்ஞைகளால் ஊக்கம் பெறுகின்றன. எலும்பு வேகமாகத் தேய்வதில் அதற்கும் பங்கு உண்டு. இழந்த ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையில், 50 முதல் 79 வயதுவரையான 16,608 பெண்கள் பங்கேற்ற பகுதி 2002இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் செயற்கை மருந்து) சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயும் இதய பாதிப்பும் கூடியிருந்தன. ஆனால் 2016இல் வெளியான, 643 பெண்கள் பங்கேற்ற சோதனை வேறொன்றைச் சொன்னது. மாதவிடாய் நின்று 6 ஆண்டுகளுக்குள் ஈஸ்ட்ரோஜன் தொடங்கியவர்களிடம் கழுத்துத் தமனியின் சுவர் தடிப்பது மெதுவானது. 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்துத் தொடங்கியவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஏற்கெனவே பழுதான குழாயில் ஹார்மோனின் பேச்சு எடுபடுவதில்லை போலும். ஆகவே யாருக்கு, எப்போது என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹார்மோன் வேண்டாம், வைட்டமின் மாத்திரை போதும் என்று விளம்பரங்கள் பெண்களைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. எனக்குக் கோபம் வருவது இதில்தான். 45 வயதைக் கடந்த 39,876 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைட்டமின் ஈ கொடுத்து, சுமார் 10 ஆண்டுகள் கவனித்தார்கள். 2005இல் முடிவு வந்தது. பெரிய இதய நோய் நிகழ்வுகளோ புற்றுநோயோ மொத்தத்தில் குறையவில்லை. இவ்வளவு பெரிய பரிசோதனை சொன்னதை மறைத்துவிட்டு மாத்திரை விற்பது நியாயமே அல்ல.

ஏன் பலிக்கவில்லை? ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சமாக இருக்கும்போது செல்லுக்கு அது ஒரு சேதி. உடற்பயிற்சியில் தசைக்குள் அது சற்று ஏறுகிறது. அதைக் கண்டு உடல் தன் சொந்த நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. 2009இல் இளம் ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் மேம்பட வேண்டிய, இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் உடலின் திறன் மேம்படவில்லை. சேதியே போய்ச் சேரவில்லை.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று: இரும்பு. தளையற்ற இரும்பு, பெராக்சைடோடு சேர்ந்தால் மிகக் கொடூரமான ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் 1894இல் விவரித்த வேதிவினை இது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உள்ளவர்களின் அடிவயிற்றில் தேங்கும் இரத்தத்திலிருந்து கசியும் இரும்பு அழற்சியை மோசமாக்குவது இந்த வழியில்தான். மாதவிடாய் இருக்கும் காலத்தில் பல பெண்களுக்கு இரும்பு பற்றாக்குறைதான் பிரச்சினை, மாத்திரை அவசியமாகவும் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு மாதாமாதம் நடந்த இரத்த இழப்பு நின்றுவிடுவதால், உடலில் இரும்புச் சேமிப்பு மெல்ல ஏறும். அந்த வயதிலும் பழைய பழக்கத்தில் இரும்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், இரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.