லண்டனில் பவுணாகிப்போன பந்தல் செலவு

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். ஊர்க் கோயிலின் வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவர். திருவிழாக் கணக்கை எக்ஸெலில் பதிந்து, காசு அனுப்பிய லண்டன் சொந்தங்களுக்கு அந்தக் கோப்பை அனுப்பி வைத்தாராம். அன்றிரவே மருமகன் போனில்: “என்ன மாமா, பந்தலுக்கு 85,000 பவுணா? மறுகா அந்தக் காசுக்கு ஒரு கோபுரமே கட்டியிருக்கலாமே!”

இவருடைய கணினியில் ரூ 85,000. அங்கே £85,000. கோப்பு ஒன்றுதான், இடையில் யாரும் கைவைக்கவும் இல்லை. வைரஸ் என்றார் ஒருவர், நாவூறு என்றார் இன்னொருவர். வாணி விழாவுக்குக் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கும். பழுது பார்க்கும் வேலையையும் எலுமிச்சங்காயிடம் ஒப்படைத்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

எண்களைக் கணினி இரும முறையில் சேமிக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். எக்ஸெல் ஒவ்வோர் எண்ணுக்கும் 64 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 64 இடம், ஒதுக்குகிறது. அந்த 64இல் ரூபாவுக்கோ பவுணுக்கோ ஒரு பிட்கூடக் கிடையாது. கட்டத்துக்குள் இருப்பது வெறும் 85000. காற்புள்ளி, சதப் புள்ளி, பணக்குறி எல்லாம் திரையில் காட்டும் நேரத்தில் மேலே போர்த்துவது. வண்ணக்கருக்குப் புரிகிறபடி சொன்னால், மூலவர் அசைவதில்லை, மாறுவது சாத்துப்படி. பவுணுக்கு எத்தனை ரூபா என்று எக்ஸெலுக்குத் தெரியாது. அது எதையும் மாற்றிக் கணக்குப் பார்க்கவும் இல்லை.

சரி, சாத்துப்படி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இப்போதைய எக்ஸெல் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள .xlsx என்ற நீட்சியை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பல சிறு கோப்புகள் இருக்கும். ஒன்றில் எண்கள், இன்னொன்றில் அலங்காரப் பட்டியல். ஒவ்வொரு கட்டமும் தன் எண்ணோடு ‘எனக்கு இந்த அலங்காரம்’ என்று ஒரு சுட்டெண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். மேல்பட்டையில் இருக்கும் பணக்குறிப் பொத்தானை அழுத்தினால், அந்தச் சுட்டெண் வழியாகக் கட்டம் 44ஆம் இலக்க வடிவத்துக்குப் போய்ச் சேரும்.

இந்த 44 ஒரு வேடிக்கையான ஆள். ‘ரூபா’ என்றோ ‘டாலர்’ என்றோ அவர் உறுதியாக எதையும் சொல்வதில்லை. ‘கணக்குப் பதிவு வடிவம், இரண்டு தசம இடம், குறி இந்த வீட்டு வழக்கப்படி’ என்பதுதான் அவர் சொல்வது. கோப்பைத் திறக்கிற கணினியிடம் எக்ஸெல் ‘உங்கள் ஊர்ப் பணக்குறி என்ன?’ என்று கேட்கும். விண்டோஸ் தன் வட்டார அமைப்பைப் பார்த்துப் பதில் சொல்லும். களுவாஞ்சிகுடிக் கணினியில் யாரோ ஏற்கெனவே ரூ என்று அமைத்து வைத்திருந்தார்கள். லண்டன் கணினி பிரித்தானிய அமைப்பில் இருந்தது. இரண்டும் தத்தம் வீட்டு வழக்கத்தைச் சொல்லியிருக்கின்றன, அவ்வளவுதான். அமெரிக்க அமைப்போடு கடையில் வாங்கி அப்படியே வைத்திருக்கும் கணினியில் அதே பந்தல் டாலரில் நிற்கும்.

அப்படியானால் ‘எக்ஸெலில் பணக்குறியை நிரந்தரமாக மாற்றுவது எப்படி’ என்று எக்ஸெலுக்குள்ளேயே தேடுவது வீண். கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அடிஷனல் செட்டிங்ஸ், அதில் கரன்சி. அங்குள்ள பெட்டியில் ரூ என்று நாமே தட்டலாம். எக்ஸெலை மூடித் திறந்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அதன்பின் கட்டத்தில் ‘ரூ500’ என்று தட்டினாலும் எக்ஸெல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அமைக்காத கணினியில் அது வெறும் எழுத்தாகி இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், கூட்டுத்தொகையிலும் சேராது. அங்கேயே இலக்கங்களைப் பிரிக்கும் முறையையும் மாற்றலாம், 1,234,500 என்பது 12,34,500 ஆகும். வங்கிச் சீட்டு மில்லியனில் இருந்தாலும் நம் வாய் லட்சத்தில்தானே எண்ணுகிறது.

லிப்ரே ஆபிஸ் தன் விருப்பங்களில் மொழிப் பகுதிக்குள் இயல்புப் பணத்துக்குத் தனி இடம் வைத்திருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் அமைப்பு அந்தக் கோப்போடே ஒட்டியிருப்பதால், திறப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் அதுதான்.

எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு என்ன பணக்குறி, எங்கே காற்புள்ளி என்ற தரவுகளை, உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொது எண் வழங்கும் யூனிகோட் அமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற பெயரில் திரட்டி இலவசமாகத் தருகிறது. இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. இந்தியா 2010இல் ₹ என்ற குறியை ஏற்றது, அதே ஆண்டு அது யூனிகோடிலும் நுழைந்தது. ௹ என்ற நம் பழைய தமிழ்க் குறியோ 2003 முதலே அங்கு இருக்கிறது, எடுத்துப் பாவிக்கத்தான் ஆளில்லை. நம் நாட்டுத் தமிழில் பணம் எப்படி எழுதப்படுகிறது என்று உட்கார்ந்து சரிபார்க்க வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ இரண்டு மாணவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் போதும் என்பது என் கணிப்பு. கட்டடத்துக்கு நிதி கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. நாடா வெட்ட முடியாதே!

இனி வண்ணக்கருக்கு மருந்து. குறி கோப்போடு பயணம் செய்ய வேண்டுமானால் 44ஐக் கைவிட வேண்டும். பணம் உள்ள கட்டங்களைத் தெரிவு செய்து, வலது சொடுக்கில் ஃபார்மட் செல்ஸ், அதில் கஸ்டம் போய் இதைத் தட்டுங்கள்:

[$ரூ-849] #,##0.00

சதுர அடைப்புக்குள் இருப்பது அப்படியே கோப்பில் எழுதப்படும். 849 என்பது இலங்கைத் தமிழுக்கு மைக்ரோசாப்ட் வைத்த இலக்கம், இந்தியத் தமிழுக்கு 449. இனி லண்டனில் திறந்தாலும் ரூதான். காற்புள்ளி விழும் இடம் மட்டும் அந்தந்தக் கணினியின் வழக்கப்படி இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: இதைச் செய்த கட்டங்களில் மேல்பட்டைப் பணக்குறிப் பொத்தானைத் தொடாதீர்கள். ஒரு தட்டில் மறுபடி 44க்குப் போய்விடும்.