ஈஸ்னோபிலியாவும் எங்கள் ஊர் உப்புத் தண்ணியும்

காங்கேயம் பக்கம் ஒரு சின்ன ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். அரிசி ஆலைத் தவிடு, தேங்காய்க் களத்துத் தூசி, ஸ்பின்னிங் மில் பஞ்சு, இதையெல்லாம் மூச்சில் இழுத்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். உட்கார்ந்ததும், "ஏனுங்க, எனக்கு ஈஸ்னோபிலியா இருக்குதுங்க, அதுக்கு ஒரு டெஸ்ட்டு எடுங்க" என்பார்கள். சர்க்கரை மாதிரி அதுவும் ஒரு நோய் என்று நினைப்பு. நோய் கிடையாதுங்க. ஈஸினோஃபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. வயிற்றுப் புழு, அலர்ஜி, ஆஸ்துமா, சில மாத்திரைகள், யானைக்கால் கிருமிக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பு என்று பல காரணங்களால் அதன் எண்ணிக்கை ஏறும். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் போனால் ஏறியிருக்கிறது என்போம். டாக்டர் காரணத்தைத் தேட ஆரம்பிப்பதே அந்த எண்ணை வைத்துத்தான்.

அந்த எண் ஒரு கோடை முழுக்க எங்கள் கூடத்தில் தப்பாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதே தப்பு இன்னும் பல சின்னக் கூடங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

குழாயில் காவிரித் தண்ணி பத்து நாளைக்கு ஒரு தரம் வந்துகொண்டிருந்த சித்திரை மாசம் அது. டிஸ்டில்டு வாட்டர் கேன் தீர்ந்துபோன ஒரு நாள் எங்கள் கூடத்தில் வேலை பார்க்கும் பையன் உப்புப் போர் தண்ணியைப் பிடித்து, ரத்த அணுக்களுக்கு நிறம் ஏற்றும் சாயக் கலவையான லீஷ்மன் ஸ்டெயினில் ஊற்றியிருக்கிறான், ஸ்லைடில் நிறம் வந்திருக்கிறது, நானும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ஸ்லைடுகள் கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது உண்மை. ஸ்டெயின் பாட்டில் பழசு, புதுசு வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வாங்கினேன். சரியாகவில்லை.

அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, விடாத இருமல். வெள்ளை அணு மொத்தம் 9,000, அதில் ஈஸினோஃபில் 3 சதவீதம் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். அதாவது 270, சாதாரணம். டாக்டருக்கு மனசு ஒப்பவில்லை, வேறு ஊரில் எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். அங்கே 14 சதவீதம். வீட்டுக்காரர் இரண்டு காகிதத்தையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, சத்தம் எல்லாம் போடவில்லை, "இதுல எதைங்க நம்பறது?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம்.

அந்த வாரம் காதுகுத்துப் பத்திரிகை வைக்க என் மச்சினன் வந்திருந்தான். திருப்பூரில் டையிங் மாஸ்டர். காயவைத்திருந்த ஸ்லைடுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, எல்லாம் ஒரே ஷேடா நீலம் அடிக்குது, தண்ணி எந்தத் தண்ணி?" என்றான். நான் சாயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்கவே இல்லை. "சாயம் கெடக்குட்டுங் மாமா. நாங்க ஒரு லாட் இறக்கறதுக்கு முன்னாடி தண்ணியத்தான் பாப்பம்" என்று சொல்லி, பைக் பெட்டியில் இருந்த, தண்ணி அமிலமா காரமா என்று எண்ணில் காட்டும் பிஹெச் பேப்பரை எடுத்துவந்து கிழித்து நனைத்தான். எட்டுக்கு மேல் காட்டியது. லீஷ்மனுக்கு வேண்டியது 6.8.

பள்ளிக்கூடத்துப் பாடம்தான், நான் படித்ததுதான், கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஈஸினோஃபிலுக்குள் இருக்கும் துகள்களில் காரப் புரதம் நிறைந்திருக்கிறது, அதற்கு நேர்மின்னேற்றம். லீஷ்மன் கலவையில் இருக்கும் ஈஸின் சாயத்துக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்வதால்தான் துகள்கள் பப்பாளிப் பழ நிறத்தில், செம்மஞ்சளாக, எடுப்பாகத் தெரியும். தண்ணி காரமாகிவிட்டால் புரதத்தின் அந்த மின்னேற்றம் குறைந்துபோகும், ஈஸின் சரியாகப் பிடிக்காது, மெத்திலீன் நீலமும் அதன் வழியில் வந்த அசூர் சாயங்களும் மேலோங்கும். அப்போது சிவப்பணு சாம்பல் நீலமாகத் தெரியும், ஈஸினோஃபில் துகளும் மங்கி நீலம் பாய்ந்துவிடும், அவசரத்தில் எண்ணுகிறவன் அதை நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவின் கணக்கில் தள்ளிவிட்டுப் போய்விடுவான். நானும் அப்படித்தான் தள்ளியிருக்கிறேன். தண்ணி அமிலமாக இருந்தால் நேர்மாறு, எல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கும், உட்கரு வெளிறிப்போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஈஸினே பட்டுக்கும் கம்பளிக்கும் போடுவதற்காக விற்பனைக்கு வந்த சாயம். அந்தக் காலத்தில் சாய ஆலைகளிலிருந்து வந்த புதுப்புதுச் சாயங்களை ரத்தத்தில் போட்டுப் பார்த்துத்தான் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் 1879இல் இந்த அணுவைத் தனியாக அடையாளம் கண்டு, சாயத்தின் பெயரையே அதற்கு வைத்தார். லீஷ்மன் தன் கலவையை வெளியிட்டது 1901இல். ஆக, டையிங் மாஸ்டர் ஒருவன் வந்து எனக்குப் பாடம் எடுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, தொழில் அங்கிருந்துதான் வந்தது.

அந்த அம்மாவின் ரத்தத்தில் கூடுதலாக ஒரு ஸ்மியர், அதாவது ஸ்லைடில் ஒரு மெல்லிய பூச்சு, இழுத்து, கெடாமல் இருக்க மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்து, சாயம் போடாமல் வைத்திருந்தேன். நல்ல பழக்கம் என்று ஒன்றாவது இருந்ததே. பிஹெச்சை 6.8இலேயே பிடித்துவைக்கும் பஃபர் கரைசலில் சாயம் போட்டுப் பார்த்தால் 13 சதவீதம். டாக்டருக்குப் போன் செய்து என் ரிப்போர்ட்தான் தப்பு என்று சொன்னேன். மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இருந்தது, ஆல்பெண்டசோல் எழுதினார்.

அதற்கப்புறம் மாற்றியவற்றைச் சொல்கிறேன். போர் தண்ணிக்குப் பதில் ஆர்ஓ தண்ணி ஊற்றினால் போதும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். போதாது. உப்பு போய்விடும், ஆனால் ஆர்ஓ தண்ணியும் டிஸ்டில்டு தண்ணியும் காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அமிலப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் பாஸ்பேட் பஃபர் கட்டாயம். பாட்டில்மேல் கரைத்த தேதி எழுத வேண்டும், திறக்கும்போது பேப்பர் நனைத்துப் பார்க்க வேண்டும், உள்ளே பாசி மாதிரி ஏதாவது மிதந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். ஸ்டெயினை அப்படியே ஊற்றி இரண்டு நிமிடம், அதன்மேல் இரண்டு பங்கு பஃபர், ஏழு முதல் பத்து நிமிடம், இதுதான் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. கழுவும்போது ஸ்டெயினைச் சாய்த்துக் கொட்டிவிட்டுக் கழுவாதீர்கள். ஸ்லைடு மட்டமாக இருக்கும்போதே பஃபரை ஊற்றி, மேலே படிந்த ஆடையை மிதக்கவிட்டு வழியச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த ஆடை அப்படியே அணுக்கள்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

ஆடிக் காற்று இன்னொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாடியைச் சுற்றவைக்கிற அதே காற்று ஜன்னல் வழியாக வந்து ஸ்லைடுமேல் நிற்கும் ஸ்டெயினில் மெத்தனாலை உலர்த்திவிடும். ஓரமெல்லாம் கறுப்புப் பொடி. பழகாத கண்ணுக்கு அது துகள் மாதிரி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு மாதிரி தெரியும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஸ்டெயின் தட்டுக்கு ஒரு மூடி போடுங்கள். ஸ்டெயின் பாட்டில் மூடியும் இறுக்கமாக இருக்கட்டும், மெத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டால் சிவப்பணுவில் பளபளவென்று வளையம் வளையமாக விழும்.

அணுக்களை எண்ண மெஷின் இருக்கிறதே, எதற்கு ஸ்லைடு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. வெள்ளை அணுவை மூன்றாக மட்டும் பிரிக்கும் த்ரீ பார்ட் மெஷின் ஈஸினோஃபிலைத் தனியாக எண்ணாது, மோனோசைட், பேசோஃபில் என்ற வேறு வெள்ளை அணுக்களோடு சேர்த்து நடுத்தர அணு என்று ஒரே கூடையில் போட்டுவிடும். ஐந்தாகப் பிரிக்கும் ஃபைவ் பார்ட் மெஷின் அதைப் பிரித்துக் காட்டும், அதுவும் சந்தேகக் குறி போட்டால் ஸ்லைடுக்குத்தான் வர வேண்டும். ஸ்லைடில் வெள்ளை அணுக்களை எண்ணும்போது நூறோடு நிறுத்தாதீர்கள். நூறில் 5 ஈஸினோஃபில் கிடைத்தால் உண்மைச் சதவீதம் ஏறக்குறைய 2க்கும் 11க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், இருநூறு எண்ணினால் அந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கும்.

பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மூச்சிரைப்புக்கு முதல் நாள் ஊசி போட்டிருந்தால், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு போனால் ஈஸினோஃபில் மணிக்கணக்கில் இறங்கிவிடும், நாங்கள் எவ்வளவு நன்றாகச் சாயம் போட்டும் பிரயோசனம் இல்லை. காலையில் குறைவாகவும் ராத்திரியில் கூடுதலாகவும் இருக்கும் அணு அது, ஆகவே மறுபடி எடுக்கும்போது முன்பு எடுத்த அதே நேரத்துக்கு வாருங்கள்.

சதைப் பரிசோதனையும் இந்தக் கதைதான், சாயத்துக்கு முன்னாடி திரவம் சரியாக இருக்க வேண்டும். கட்டியிலிருந்து எடுத்த சதையில் டி, பி என்ற இரண்டு வகை வெள்ளை அணுக்களை, டி அணுவைச் சிடி3 என்றும் பி அணுவைச் சிடி20 என்றும் அவற்றின் அடையாளப் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி வைத்துத் தேடுகிறார்கள், சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் மறைந்துபோன அடையாளத்தைச் சூடாக்கி மீட்கலாம் என்பது 1991இலிருந்து தெரியும். ஆனால் டப்பாவில் ஃபார்மலினே இல்லாமல் வந்த சதையை யாராலும் மீட்க முடியாது. ஈரோட்டிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் அந்த டப்பாவை மடியில் வைத்துக் கொண்டுபோகிறவர் நோயாளியின் மகனோ மருமகனோதான். அதில் தண்ணியா, சலைனா, ஃபார்மலினா என்று ஆபரேஷன் தியேட்டரிலேயே கேட்டுவிடுங்கள். சதையைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும்.

மச்சினன் விட்டுப்போன பிஹெச் பேப்பர் தீர்ந்து, வேறு வாங்கி, அதுவும் தீர்ந்துவிட்டது. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இப்போது சர்க்கரை பார்க்க மாசா மாசம் வருகிறார், வந்ததும், "தண்ணி மாத்தியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். சர்க்கரை டெஸ்ட்டுக்கு அந்தத் தண்ணியே தேவையில்லைங்க என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்பதாக இல்லை.