உங்கள் ஒழுங்கை யாருடையது? கொழும்பில் வழியுரிமைப் பதிவைத் தேடும் முறை

ஒழுங்கை முனையில் பெயர்ப்பலகை நிற்கிறது, வீட்டுக்கு 27/4 என்று இலக்கம் விழுந்திருக்கிறது, சோலைவரியும் கட்டுகிறோம். ஆகவே இது மாநகர சபையின் வீதிதான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இலக்கம் வீட்டுக்குரியது. வழி யாருடையது என்பதை அது சொல்லாது.

கொழும்பில் எல்லா வழிகளையும் ஒரே ஏட்டில் பார்க்க முடியாது. காலி வீதி (ஏ2) போன்ற தேசிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கின்றன. உள்வீதிகளில் பெரும்பாலானவை மாநகர சபைக்குரியவை. மிஞ்சுபவை தனியார் ஒழுங்கைகள். வில்லங்கம் பெரும்பாலும் இவற்றில்தான்.

முதலில் நகர மண்டபத்தில் வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உறுதி, நில அளவை வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் கையில் கொண்டுபோவது நல்லது. வீதிக்கோடு என்பது இன்று நீங்கள் நடக்கும் அகலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீதியை எதிர்காலத்தில் அகலமாக்க வரைந்த கோடாகவும் அது இருக்கலாம். அப்போது உங்கள் மதிலே கோட்டுக்கு உள்ளே நிற்கும். மதிலை இடித்துத் திரும்பக் கட்டப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. சுவீகரிக்கப்படாமைச் சான்றிதழ் வேறு: உங்கள் காணி சபைக்குச் சேரவில்லை என்று அது சொல்லும், முன்னால் கிடக்கும் ஒழுங்கையைப் பற்றிப் பேசாது. ஆகவே "இந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, அகலம் எவ்வளவு, எந்த ஆண்டு பொறுப்பேற்கப்பட்டது" என்று தனியாக எழுத்தில் கேட்க வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். "ஒழுங்கை பற்றிய விபரம்" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி வேண்டும் என்றே எழுதுங்கள்.

சபையின் பதிவில் இல்லையென்றால் அடுத்தது காணிப் பதிவகம். ஒரு வளவை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எட்டுத் துண்டாக்கி விற்கும்போது நடுவே 10 அடி விட்டு, அதற்கும் ஒரு லொட் (காணித்துண்டு) இலக்கம் கொடுப்பது முன்பு வழக்கம். 100 அடி நீளமென்றால் அந்தப் பாதை மட்டும் ஏறத்தாழ 3.67 பேர்ச். எட்டு வீடும் விற்றுப்போகும். பாதை லொட் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். பிறகு அவருடைய பிள்ளைகள் வந்து கேட் போடுவார்கள். அதனால் உங்கள் வீட்டு லொட்டின் பதிவை மட்டும் தேடினால் போதாது, பாதை லொட்டின் பதிவுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். உங்கள் உறுதியின் அட்டவணையில் அந்த லொட் இலக்கமும், வரைபட இலக்கமும் திகதியும் சரியாக இருக்கின்றனவா என்று விரலை வைத்து ஒப்பிடுங்கள். "வழமையான பாதை" என்று மட்டும் எழுதிய உறுதி பலவீனமானது.

வரைபடம் தொலைந்தால் நில அளவைத் திணைக்களத்தில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தனியார் நில அளவையாளர் வரைந்தது பொதுவாக அவரிடமே இருக்கும். பங்கீட்டு வழக்கில் பிரிந்த காணியென்றால் புதுக்கடை மாவட்ட நீதிமன்ற வழக்கேட்டில் தேடலாம். அங்கே தீர்ப்பாணையையும் வாசியுங்கள்: அதில் குறிக்காத வழியுரிமை அற்றுப்போக இடமுண்டு.

உறுதியில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் ஒரு வழி. தடையின்றி 10 ஆண்டு, குறித்த ஒரே தடத்தில், உரிமையோடு நடந்திருக்க வேண்டும். "அண்ணை, இதால போகட்டே" என்று கேட்டு நடந்த ஆண்டுகள் கணக்கில் சேரா.

வழியை மறித்துவிட்டால் பொதுவீதிக்கும் தனியார் ஒழுங்கைக்கும் போகும் இடம் வேறு. பொதுவீதி என்றால் சபையிடம் முறையிடலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானும் தடையை அகற்றக் கட்டளையிடலாம். தனியார் வழியென்றால், சமாதானம் குலையும் அபாயம் இருக்கும்போது, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிஸார் அல்லது நீங்களே ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தக் கட்டளை தற்காலிகமானது; முடிந்த முடிவு மாவட்ட நீதிமன்றத்தில்தான். கேட் பூட்டிய அன்றே திகதி தெரியும்படி படம் எடுத்து, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வாங்கி வையுங்கள்.