போர்ட் ஃபார்வர்டிங்: துறையா, வாயிலா?

வீட்டுக் கணினியில் கோப்புப் பகிர்வு சர்வர் ஒன்றை ஓடவிட்டு, அதை வெளியிலிருந்து எட்ட நினைப்பவர்களுக்கு உடனே தேவைப்படுவது 'போர்ட் ஃபார்வர்டிங்'. ரௌட்டரின் குறிப்பிட்ட ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு சேவையை அடையாளம் காட்டும் எண்ணுக்கு, வெளியிலிருந்து வரும் இணைப்பை, உள்ளே இருக்கும் இன்ன கணினிக்கு அனுப்பு என்று எழுதிவைக்கும் விதி அது. விதி இல்லையென்றால், யாரும் கேட்காமல் வரும் இணைப்பை ரௌட்டரின் காவலான ஃபயர்வால் அப்படியே தடுத்துவிடும்.

போர்ட்டைத் தமிழில் பலரும் 'துறை' என்கிறார்கள். துறைமுகத்தை மனதில் வைத்துச் செய்த பெயர் இது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு. துறைமுகம் என்ற பொருள் லத்தீனின் 'போர்ட்டுஸ்' வழி வந்தது. வாசல், திறப்பு என்ற பொருள் 'போர்ட்டா' வழி வந்தது. கணினியில் வழங்குவது இந்த இரண்டாவது. அதனால் 'வாயில்' என்பதே சரி. 'ஃபார்வர்டிங்' என்பதற்கு, அழைப்பைத் திருப்பிவிடுகிறோமே, அந்தத் 'திருப்பல்' போதும். ஆக, 'வாயில் திருப்பல்'. கலைச்சொல் என்றால் கேட்டதும் வேலை புரியவேண்டும், இதில் புரிகிறது.

சரி, கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் பழைய நெறிமுறையான எஃப்டிபியின் வழக்கமான வாயில் 21-ஐத் திருப்பிவிட்டால், எஃப்டிபி சர்வர் வேலை செய்துவிடுமா? கடவுச்சொல் ஏற்கப்படும், ஆனால் கோப்புப் பட்டியல் வராமல் அப்படியே நிற்கும். காரணம், எஃப்டிபி கட்டளைக்கு ஓர் இணைப்பும் தரவுக்கு வேறோர் இணைப்பும் வைத்திருக்கிறது. இந்த நெறிமுறையின் முதல் வடிவம் 1971-இல் வந்தது. வீட்டுக்குள் இருக்கும் கணினிகளின் முகவரிகளை ஒரே வெளிமுகவரியாக மாற்றிக்காட்டும், வீட்டு ரௌட்டர்கள் செய்யும் முகவரி மாற்றம் 1990-களில்தான் வந்தது. அந்த மாற்றத்தை மனதில் வைத்து எஃப்டிபி உருவாகவில்லை.

எஃப்டிபியின் 'பாசிவ்' முறையில் தரவு இணைப்பைத் தொடங்குவது வெளியே இருப்பவரின் கணினி. அது தரவுக்கு எங்கே வரவேண்டும் என்பதை சர்வர் 227 என்று தொடங்கும் பதிலில் சொல்லும். அதில் ஆறு எண்கள் இருக்கும்: 192,168,1,5,195,80. முதல் நான்கு முகவரி. ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் வாயில் எண் 50000. ஆனால் 192.168.1.5 வீட்டுக்குள் மட்டுமே செல்லும் முகவரி. வெளியே இருப்பவருக்கு அதனால் பயனில்லை. எனவே சர்வரின் அமைப்பில் வெளிமுகவரியைத் தரவேண்டும். பாசிவ் வாயில்களை 50000 முதல் 50050 வரை என்பதுபோல் ஒரு வரம்புக்குள் அடக்கி, அவற்றையும் திருப்பிவிடவேண்டும்.

இந்தப் 'பாசிவ்' முறையைச் 'செயலற்ற முறை' என்பது தவறான எண்ணத்தைத் தரும். தரவு இணைப்பைத் தானே தொடங்காமல், வாயிலைத் திறந்துவைத்து எதிர்பார்ப்பதுதான் சர்வர் செய்வது. 'காத்திருப்பு முறை' பொருந்தும்.

புதிதாக அமைப்பவர்கள், கோப்புப் பரிமாற்றத்துக்கான வேறொரு பாதுகாப்பான நெறிமுறையான எஸ்எஃப்டிபியையே எடுத்துக்கொள்ளலாம். சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் போகும். எஸ்எஃப்டிபியில் எல்லாம் மறையாக்கத்தோடு ஒரே இணைப்பில் நடக்கும். வழக்கமான வாயில் 22 ஒன்றைத் திருப்பினால் போதும்.