'அமைச்சகம்' வேண்டாம், 'பணிவிடை' போதும்

கிறித்தவக் கட்டுரைகளின் தமிழாக்கங்களில் 'இயேசுவின் அமைச்சகம்', 'பவுலின் அமைச்சகம்', 'சிறுவர் அமைச்சகம்' போன்ற தொடர்கள் இப்போது கூச்சமின்றி உலவுகின்றன. கலிலேயாவின் ஊர்களில் கால்நடையாகத் திரிந்தவருக்குக் கோட்டையில் ஓர் அறையும் வாசலில் ஒரு டவாலியும் இருந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். 'மினிஸ்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பெரும்பாலும் இதற்கு நிற்கும் சொல் 'தியாகோனியா'. அதைச் செய்பவர் 'தியாகோனோஸ்', அதாவது பந்தியில் பரிமாறுபவர், ஏவிய வேலைக்கு ஓடுபவர். 'புழுதி வழியே ஓடுபவன்' என்று பிரசங்கங்களில் சொல்லப்படும் விளக்கத்துக்கு அச்சொல்லில் உள்ள நெடிலோசை இடந்தராது. மொழிநூலார் அதை ஏற்பதில்லை. இலத்தீனில் 'தியாகோனோஸ்' என்பது 'மினிஸ்தேர்' என்று பெயர்க்கப்பட்டது. குறைவைக் குறிக்கும் 'மினுஸ்' என்பதிலிருந்து வந்த அச்சொல், மிகுதியைக் குறிக்கும் 'மகிஸ்' வழிவந்த 'மகிஸ்தேர்' என்னும் ஆசானுக்கும் தலைவனுக்கும் எதிர்நிலையில் நிற்பது. அரசனுக்கு ஏவல் செய்தவரே பிற்காலத்தில் ஆங்கிலத்தில் மந்திரியானார். அந்தப் பிற்காலப் பொருளைப் பிடித்துக்கொண்டு 'அமைச்சகம்' என்று எழுதுபவர், பந்தியில் நின்று பரிமாறுபவரைத் தூக்கி அவையில் அமர வைத்துவிடுகிறார்.

இதை இயந்திர மொழிபெயர்ப்பின் பிழை என்று தள்ளிவிடலாம். கற்றவர்களே விரும்பிக் கைக்கொள்ளும் 'சேவை' என்ற சொல்லோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. அது வடசொல் என்பது என் முதற்குறை அன்று. கிறித்தவத் தமிழில் வடசொற்கள் ஏராளம், அவற்றில் பல நன்றாகவே வேரூன்றிவிட்டன. 'சேவை' இன்று யார் யாருக்கு என்ன செய்வதைக் குறிக்கிறது என்பதே கேள்வி. பேருந்துச் சேவை, வாடிக்கையாளர் சேவை, சேவைக் கட்டணம், சேவை மையம் என்னும் வழக்குகளில் எங்கேனும் ஒருவர் இன்னொருவர்முன் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறாரா? கட்டணம் வாங்கிக்கொண்டு தரப்படுவதுதான் அங்கே சேவை. வைணவ வழக்கிலோ அதற்கு முற்றிலும் வேறான, செழிப்பான பொருள் உண்டு: பெருமாளைக் கண்டு வணங்குவதே சேவை, அதனால்தான் கருட சேவை என்கிறோம். அந்தப் பொருள் நெருங்கி வந்திருந்தாலாவது இச்சொல்லுக்குக் கொஞ்சம் கனம் கிடைத்திருக்கும். ஆனால் 'கிறிஸ்தவச் சேவை' என்று எழுதுவோர் மனத்தில் இருப்பது அதுவும் அன்று. மருத்துவ முகாம், நோட்டுப் புத்தக விநியோகம், கடைசியில் ஒரு குழுப்படம் என்பதாகவே அது சுருங்கிவிட்டது. கொடுப்பவர் மேடையில், வாங்குபவர் வரிசையில்.

'ஊழியம்' இதைவிட வலிய சொல். திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியின்றிக் கட்டாயமாக வாங்கப்பட்ட உழைப்பு. குமரிப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவரான எளிய மக்கள் விடுபடப் போராடிய கொடுமைகளில் அதுவும் ஒன்று. இயேசு தம்மைப்பற்றிச் சொல்வதை விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்று படிக்கும்போது அந்த அடிமை வாடை முழுதாக எழுந்து வர வேண்டும். இன்று வருவதில்லை. 'தேவ ஊழியர்' என்பது சுவரொட்டியில் பெயருக்குமுன் அச்சிடப்படும் பட்டம் ஆகிவிட்டது; 'அரசு ஊழியர்' என்பதோ மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தகுதி. குற்றம் சொல்லின்மேல் இல்லை. ஆனாலும் சூட்டிக்கொண்டவர்கள் கழற்றும்வரை அதற்குப் பழைய பொருள் திரும்பாது.

1995இல் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே வசனத்தில் 'தொண்டு' என்கிறது. நல்ல தேர்வு. அறுபத்துமூவரின் வரலாறு 'திருத்தொண்டர் புராணம்' என்னும் பெயர் பெற்ற மொழியில், கத்தோலிக்கர் 'தியாகோனோஸ்' என்பவரைத் 'திருத்தொண்டர்' என அழைப்பது இயல்பாகவே பொருந்துகிறது. பழைய மொழிபெயர்ப்பின் 'உதவிக்காரர்' அதன் பக்கத்தில் நிற்க முடியாது. என் தயக்கமெல்லாம் கட்சித் தொண்டரும் தொண்டு நிறுவனமும் இச்சொல்லை அன்றாடம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களே என்பதுதான்.

ஆகவே பொதுச்சொல்லாக நான் முன்வைப்பது 'பணிவிடை', சுருக்கமாகப் 'பணி'. பணிதல் என்றால் தாழ்தல், பணி என்றால் செயல், ஏவல். இரண்டும் ஒரே வேரினவா என்பதை மொழிநூலார் வாதிட்டு முடிக்கட்டும். தமிழ்க் காதில் ஒன்று ஒலிக்கும்போது மற்றதும் கூடவே கேட்கிறது. "பணியுமாம் என்றும் பெருமை" என்ற குறளைப் படித்து வளர்ந்த வாசகருக்குத் தாழ்மையையும் உழைப்பையும் சேர்த்துச் சொல்ல இதைவிட நெருங்கிய சொல் இல்லை. அப்போஸ்தலர் பணிகள் ஆறாம் அதிகாரம் இதற்கு நல்ல சோதனை. அங்கே கைம்பெண்களுக்கு உணவு பரிமாறுவதற்கும் இறைவார்த்தையைப் போதிப்பதற்கும் கிரேக்கம் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறது. பழைய மொழிபெயர்ப்பு முன்னதைப் 'பந்திவிசாரணை' என்றும் பின்னதை 'ஊழியம்' என்றும் பிரித்துவிட்டதால், பிரசங்கம் உயர்ந்தது, பந்தி தாழ்ந்தது என்னும் எண்ணத்துக்கு மொழியே துணைபோயிற்று. திருவிவிலியம் 'பரிமாறும் பணி', 'இறைவார்த்தைப் பணி' என்று ஒரே சொல்லால் இரண்டையும் சமமாக வைக்கிறது.

இதே கவனக்குறைவு 'மனத்தாழ்மை'யையும் விட்டுவைக்கவில்லை. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது பரிந்துரைக்கும் அப்பண்பைத் 'தாழ்வு மனப்பான்மை' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்னது உளவியலார் ஒரு குறைபாட்டுக்கு வைத்த பெயர். தன்னைக் குறைவாக எண்ணிக் குமைபவனுக்கும், பிறரை மேன்மையாக எண்ணி அவர் காலைக் கழுவக் குனிபவனுக்கும் வேறுபாடு தெரியாதவர் மறைநூல் தொடர்பான எதையும் மொழிபெயர்க்காமல் இருப்பதே நல்லது.

கடைசியாக 'சேவகத் தலைமைத்துவம்'. தலைவர் முதலில் பணியாளராக இருக்க வேண்டும் என்று 1970இல் அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் நிர்வாகவியலில் பரப்பிய கருத்துக்குத் திருச்சபைப் பயிலரங்குகள் சூட்டியிருக்கும் பெயர் இது. தலைமை என்பதே பண்புப்பெயர். அதன்மேல் '-த்துவம்' எதற்கு? தமிழ்ப் பண்புப்பெயருக்கு வடமொழி விகுதியை மாட்டினால் சொல் நீளுமே தவிரப் பொருள் ஆழப்படாது. 'பணிவிடைத் தலைமை' என்றாலே போதும். அதையும் நான் புதிதாக உருவாக்கவில்லை. "தலைவன் பணிவிடைக்காரனைப்போலவும் இருக்கக்கடவன்" என்று லூக்கா 22ஆம் அதிகாரத்தின் பழைய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. பயிலரங்கு நடத்துபவர்கள் ஆங்கிலக் கையேட்டை மூடிவிட்டு, மேசையில் கிடக்கும் தமிழ் வேதாகமத்தைத் திறந்தாலே கண்ணில் படும்.